பிரிட்டிஷ் ராணுவத்தின் போர்களை லண்டன் வீதிகளில் சொல்லும் ஒரு நடைச் சுற்றுலா: மதிப்புரை

டிரஃபால்கர் சதுக்கத்தில் தொடங்கிச் செல்சியில் முடியும் இந்த நடைச் சுற்றுலா, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பிரிட்டிஷ் ராணுவம் கடல் கடந்து நடத்திய போர்களை, லண்டனில் நிற்கும் சிலைகள், தூண்கள், நினைவுச் சின்னங்கள் வழியாகச் சொல்கிறது. முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரும் வரலாறு பயின்ற பெண்மணி ஒருவரும் சேர்ந்து நடத்தும் சிறு முயற்சி இது. குறைகளையும் சொல்லவிருப்பதாலும், ஏறக்குறைய இதே பாதையில் அழைத்துச் செல்வோர் வேறு சிலரும் இருப்பதாலும், பெயரைத் தவிர்த்துவிட்டுப் பாதையைப் பற்றியும் சொல்முறையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். இத்தகைய சுற்றுலா எதுவானாலும் அதை அளக்க என்னிடம் இரண்டு கேள்விகள் உள்ளன. இந்தப் போர்களில் துப்பாக்கி தூக்கியவர் யார்? செலவு யார் தலையில் விழுந்தது? வழிகாட்டி இவற்றுக்கு வாய் திறக்கிறாரா என்பதைப் பொறுத்தே நான் தரும் கட்டணம் நியாயமானதா இல்லையா என்று முடிவு செய்வேன்.

டிரஃபால்கர் சதுக்கத்தின் தெற்குப் பகுதியில், நெல்சன் தூணுக்கு இரு புறமும் நிற்கும் இரண்டு வெண்கல உருவங்களை நிமிர்ந்து பார்ப்போர் மிகக் குறைவு. ஒருவர் 1843-இல் சிந்து நாட்டைக் கைப்பற்றிய சர் சார்லஸ் நேப்பியர். மற்றவர் 1857-இல் கான்பூரையும் லக்னோவையும் நோக்கிப் படை நடத்திய சர் ஹென்றி ஹேவ்லாக். ஹேவ்லாக்கின் பீடத்தில், தம் வீரர்கள் பட்ட பாட்டையும் காட்டிய வீரத்தையும் நன்றியுள்ள நாடு மறக்காது என்று அவர் கூறிய வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன், இந்த இரு தளபதிகளும் யாரென்றே தமக்குத் தெரியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்த முரணை எடுத்துக்காட்டித் தொடங்குவது வழிகாட்டியின் சாமர்த்தியம். கூட்டம் உடனே காது கொடுக்கிறது.

ஆனால் அடுத்த நிமிடமே சறுக்கல். சிந்துவைப் பிடித்ததும் நேப்பியர் லத்தீன் மொழியில் 'பெக்காவி' ('நான் பாவம் செய்தேன்'; ஆங்கிலத்தில் 'சிந்து என் வசம்' என்றும் ஒலிக்கும்) என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு சிலேடைச் செய்தி அனுப்பினார் என்ற பழைய கதையை நடந்த நிகழ்ச்சியாகவே சொல்லிவிட்டார்கள். அது 1844-இல் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழில் வெளிவந்த கேலித் துணுக்கு. அதை எழுதி அனுப்பியவர் கேத்தரின் விங்க்வொர்த் என்ற இளம்பெண். ஒரு நாட்டைப் பறித்தது குறித்து லண்டன்வாசிகளே அன்று நையாண்டி செய்தார்கள் என்ற செய்தி, அந்தப் பொய்க் கதையைவிட எவ்வளவோ சுவையானது. அதை இழந்ததுதான் எனக்கு வருத்தம்.

ஹேவ்லாக்கைப் பற்றி நெடுநேரம் பேசியவர்கள், அவருக்கு முன்னோடியாகச் சென்ற ஜேம்ஸ் நீலின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் நடத்திய பழிவாங்கல்களைச் சொல்லாமல் 1857-இன் கதை முழுமை பெறாது. 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் கொல்லப்பட்ட அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை எழுப்பப்பட்டது. 1927-இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தது. ஒரே படையெடுப்பின் தளபதிகளில் ஒருவர் சிலை இன்றும் சதுக்கத்தில் நிற்க, இன்னொருவர் சிலை அருங்காட்சியகத்துக்குள் போனது ஏன் என்று கேட்டிருந்தால், அங்கிருந்த பல நாட்டுப் பயணிகளுக்கும் நல்ல உரையாடல் ஒன்று கிடைத்திருக்கும்.

அடுத்த நிறுத்தமான வாட்டர்லூ பிளேஸில் முன்னாள் அதிகாரியின் திறமை முழுமையாக வெளிப்பட்டது. கிரைமியப் போர் நினைவுச் சின்னத்தில் நிற்கும் காவற்படை வீரர்களின் உருவங்கள் செவஸ்தபோலில் கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளின் வெண்கலத்தால் வார்க்கப்பட்டவை. அவற்றுக்கு முன்னால் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் சிலை 1915-இல் வைக்கப்பட்டது. அந்தப் போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோர் குண்டு பட்டுச் சாகவில்லை, நோயால் செத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கி, ராணுவம் உள்ளுக்குள் எவ்வளவு அழுகிப் போயிருந்தது என்பதை அவர் படிப்படியாக விளக்கினார். பணம் கொடுத்துப் பதவி வாங்கும் வழக்கம் 1871 வரையிலும், படைவீரரைச் சாட்டையால் அடிக்கும் தண்டனை 1881 வரையிலும் நீடித்தன என்றார். வீரத்துக்கான உயரிய பதக்கமான விக்டோரியா சிலுவை 1856-இல் நிறுவப்பட்டதைச் சொன்னவர், இந்திய வீரர்களுக்கு அந்தப் பதக்கத்தைப் பெறும் தகுதி 1911-இல்தான் வழங்கப்பட்டது என்பதையும் விடாமல் சொன்னார். சாதாரணச் சிப்பாயின் பூட்சு, உணவு, காய்ச்சல், சம்பளம் ஆகியவற்றைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் வழிகாட்டியை நான் கண்டதில்லை. சிப்பாய் பிரிட்டிஷ்காரராக இருக்கும்வரை இந்தத் தெளிவு நீடிக்கிறது என்பதுதான் சிக்கல்.

அங்கிருந்து யார்க் கோமகன் தூணின் படிகளில் இறங்கினால் மால் வீதி. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போரில் இறந்த பீரங்கிப்படை வீரர்களுக்காக 1910-இல் எழுப்பிய சின்னம் அங்கே இருக்கிறது. இந்த இடத்தில் பெண் வழிகாட்டி பேச்சை ஏற்றுக்கொண்டார். அங்கே பண்ணை வீடுகளைக் கொளுத்திவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததையும், அந்த முகாம்களில் சுமார் 28,000 போயர் மக்கள் மாண்டதையும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள் என்பதையும், கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களில் இறந்தோர் எண்ணிக்கை பதிவுகளின்படியே 14,000-ஐத் தாண்டுவதையும் அவர் உணர்ச்சிவசப்படாமல் சொன்னார். எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அந்த முகாம்களைப் போய்ப் பார்த்து எழுதியதால்தான் லண்டனில் விவாதம் எழுந்தது என்று சேர்த்துக்கொண்டார். நினைவுச் சின்னத்தின் கல்லில் இல்லாத பெயர்களை அதன் முன்னாலேயே நின்று சொல்வது இத்தகைய சுற்றுலாவுக்கே உரிய வேலை. அதை இங்கே சரியாகச் செய்தார்கள்.

குதிரைக் காவற்படை மைதானத்தில் மூன்று பெரிய தளபதிகளின் சிலைகள் ஒன்றுக்கொன்று அருகில் நிற்கின்றன: வோல்ஸ்லி, ராபர்ட்ஸ், கிச்சனர். கானாவின் அசாந்தி நாட்டுப் படையெடுப்பு, எகிப்தின் தெல்-எல்-கபீர் சண்டை, சூடானின் ஆம்டுர்மன் என்று மூன்று களங்களைக் கால் மணி நேரத்தில் சுருக்கிச் சொன்னார்கள். 1898 செப்டம்பர் 2 அன்று ஆம்டுர்மனில் கிச்சனரின் படை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளாலும் பீரங்கிகளாலும் ஒரே காலைப் பொழுதில் சுமார் 10,000 சூடானியரைக் கொன்றது. அவர் பக்கம் இறந்தவர்கள் ஐம்பது பேர் அளவே. இந்தக் கணக்கைச் சொன்ன முன்னாள் அதிகாரி, இதைப் போர் என்று அழைக்கத் தமக்கே தயக்கமாக இருக்கிறது என்றார். ராணுவத்தில் பணியாற்றிய ஒருவர் வாயிலிருந்து அது வந்ததால் கனம் கூடியது.

ராபர்ட்ஸிடம் வரும்போது நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து காந்தகார் வரை அவர் நடத்திய புகழ்பெற்ற அணிவகுப்பைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பத்தாயிரம் பேரில் பெரும்பான்மையோர் இந்திய வீரர்கள் என்பதையும் குறிப்பிட்டார்கள். ஆனால் அதற்கு மறு ஆண்டிலிருந்து 1885 வரை அவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார் என்பதும், தெற்கத்திய வீரர்கள் வடக்கத்தியருக்கு ஈடாக மாட்டார்கள் என்ற கருத்தைப் பிடிவாதமாகப் பரப்பினார் என்பதும், 1885 முதல் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியான பிறகு அந்தக் கருத்து ஆள்சேர்ப்புக் கொள்கையாகவே மாறியது என்பதும் வரவேயில்லை. 'போர்க்குடிகள்' என்ற அந்தக் கோட்பாட்டின் விளைவாகத் தமிழரும் தெலுங்கரும் படையில் சேரும் வழி படிப்படியாகச் சுருங்கியது. வந்தவாசியிலும் பரங்கிப்பேட்டையிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கம்பெனிக்காகச் சண்டையிட்டது பெரும்பாலும் சென்னைச் சிப்பாய்கள்தாம் என்பதை எண்ணினால், வேலை முடிந்ததும் தகுதிச் சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உருவாக இரண்டாம் உலகப்போர் வரவேண்டியிருந்தது.

பாதையின் பலவீனமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. வெளியுறவு அலுவலகத்தை ஒட்டியுள்ள கிங் சார்லஸ் தெருப் படிகளின் மேல் ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது. ஜான் ட்வீட் செய்தது. கிச்சனர் சிலையும் அவர் கைவேலைதான். பீடத்தின் பக்கங்களில் ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போருக்கு முந்தைய மாந்தோப்பு, 1765-இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை பெற்றது ஆகிய காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாலே வணிகக் கம்பெனி ஒன்று அரசாக மாறிய கதையை முழுவதும் சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாகக் கிளைவின் சொத்து, அபின் பழக்கம், மரணம் என்று வம்பளப்பில் நேரம் போயிற்று. ஆற்காட்டு முற்றுகையில் அரிசியை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுச் சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்தார்கள் என்ற கதையையும் சொன்னார்கள். விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகப் பிற்கால ஆங்கிலேயர் விரும்பிப் பரப்பிய கதை அது என்ற எச்சரிக்கை இல்லாமல்.

இதைவிடப் பெரிய குழப்பம், கம்பெனிப் படையையும் மன்னரின் ராணுவத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்தது கம்பெனியின் படை. மன்னரின் படைப்பிரிவு ஒன்று முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது 1754-இல். 39-ஆம் படைப்பிரிவான அது, இந்தியாவில் முதல்வர் என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைத் தன் சின்னத்தில் பெருமையாகப் பொறித்துக்கொண்டது. 1858-க்குப் பிறகு கம்பெனியின் ஐரோப்பியப் பிரிவுகள் பிரிட்டிஷ் ராணுவத்துடன் இணைக்கப்பட்டன. நீலின் சென்னை ஃபியூசிலியர்ஸ்கூட 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படைப்பிரிவின் அங்கமாயிற்று. இந்த வேறுபாடு தெரியாவிட்டால், பங்குதாரர்களின் லாபத்துக்காக நடந்த போர் எது, பாராளுமன்றம் பொறுப்பேற்ற போர் எது என்பதைக் கேட்பவர் பிரித்தறிய வழியில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் செல்வது கட்டாயமில்லை. நுழைவுச்சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். தமிழ் வாசகர் எவரும் அதைத் தவறவிடக் கூடாது என்பேன். அங்கே இரண்டு நினைவுச் சின்னங்கள் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதியில் நடந்த போர்களைச் சேர்ந்தவை. முதலாவது, கம்பெனிப் படையைக் கட்டி உருவாக்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்பவருக்குக் கம்பெனியே வைத்தது. அதில் திருச்சிராப்பள்ளியின் தோற்றம் பெயருடன் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, சர் அயர் கூட் என்ற தளபதிக்காகத் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய மிகப் பெரிய பளிங்குச் சின்னம். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றவரும், 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்து நின்றவரும் இவரே. வெற்றித் தேவதை அவருடைய உருவத்தைப் போர்க் கருவிகளின் நடுவே தொங்கவிட, கீழே ஓர் இந்தியக் கைதி துயரத்தோடு தலை கவிழ்ந்திருக்கிறார். சிற்பம் என்ற அளவில் அந்தக் கைதியின் உருவம்தான் முழுச் சின்னத்திலும் உயிருள்ளது. வெற்றியின் அழகைக் காட்ட வந்த சிற்பி தோல்வியிடம் கலையைக் கொடுத்துவிட்டார். வழிகாட்டிகள் இருவரும் இங்கே உள்ளே வருவதில்லை. ஒரு தாளில் இடங்களைக் குறித்துத் தருகிறார்கள். அந்தத் தாளில் கூட்டின் பெயர் இருக்கிறது, லாரன்ஸின் பெயர் இல்லை.

கான்ஸ்டிடியூஷன் ஹில்லின் மேற்கு முனையிலுள்ள நினைவுத் தூண்கள் 2002 நவம்பரில் திறக்கப்பட்டவை. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் பகுதிகளிலிருந்து இரு உலகப்போர்களிலும் பிரிட்டனுக்காகப் போரிட்ட ஐம்பது லட்சம் தன்னார்வ வீரர்களுக்கு உரியவை. அருகிலுள்ள சிறு மண்டபத்தின் கூரை உட்புறத்தில், விக்டோரியா சிலுவையும் ஜார்ஜ் சிலுவையும் பெற்றவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் விக்டோரியா சிலுவையை வென்ற முதல் இந்தியச் சிப்பாய் குதாதாத் கான் பெயரும் அவற்றில் ஒன்று. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை என்று சொன்ன பெண் வழிகாட்டி, 1917-இல் இந்திய அரசின் பெயரில் பத்துக் கோடி பவுண்டு பிரிட்டனுக்குப் போர் நன்கொடையாக அளிக்கப்பட்டதையும் சொன்னார். என் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்த நிறுத்தம் இது ஒன்றுதான். இருந்தும், முழுப் பாதையிலும் மிகக் குறைந்த நேரம் நின்றது இங்கேதான்; பேருந்தைப் பிடிக்க வேண்டுமாம்.

செல்சியில் ராயல் ஹாஸ்பிட்டல் வளாகத்தில் ஒரு கல்தூபி இருக்கிறது. 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபின் சிலியான்வாலாவில் சீக்கியரிடம் அடிபட்ட 24-ஆம் படைப்பிரிவின் இறந்தோருக்கானது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1879 ஜனவரி 22-இல், இதே படைப்பிரிவைத்தான் இசாண்டில்வானாவில் ஜூலு வீரர்கள் துடைத்தெறிந்தார்கள்; பிரிட்டிஷ் தரப்பில் அன்று இறந்தவர் 1,300-க்கும் மேல், அவர்களில் சில நூறு பேர் ஆப்பிரிக்கத் துணைப்படையினர். அன்றைக்கே ரோர்க்ஸ் டிரிஃப்டில் சிறு காவற்படை தாக்குப்பிடித்ததற்காகப் பதினொரு விக்டோரியா சிலுவைகள் வழங்கப்பட்டன. தோல்வியின் நாளை வெற்றியின் நாளாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பதக்கங்கள் எப்படி உதவின என்று முன்னாள் அதிகாரி விளக்கிய விதம் இந்தச் சுற்றுலாவின் உச்சம். அதற்காகவே ஒருமுறை போகலாம். சண்டை முடிந்த பின் காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களைக் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை.

சுற்றுலா, பக்கத்திலேயே இருக்கும் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் வாசலில் முடிகிறது. அங்கே நுழைவு இலவசம். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸின் தலைமுடிக் கற்றைகளை அந்த அருங்காட்சியகம் 2019-இல் எத்தியோப்பியாவுக்குத் திருப்பிக் கொடுத்ததை வாசலில் நின்று சொன்னார்கள். 1868-இல் மக்தலா கோட்டை வீழ்ந்தபோது அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அவருடைய சின்னஞ்சிறு மகன் அலெமாயெஹு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, பதினெட்டு வயதில் இறந்து, வின்ட்சரில் புதைக்கப்பட்டான். அந்தப் படையெடுப்பு பம்பாயிலிருந்து புறப்பட்டது, பீரங்கிகளை இழுக்க இந்தியாவிலிருந்து யானைகள் சென்றன, இந்தியப் படையினரின் வழக்கமான சம்பளம் இந்திய வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது என்ற மூன்றையும் நானாகச் சொல்லவேண்டியிருந்தது. இருவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் காலனியப் போர்கள் ஏறக்குறைய இல்லை என்பது பாதையின் அமைப்பிலேயே உள்ள குறை. சிலை இல்லாத போருக்கு நிறுத்தமும் இல்லை. கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கியபோது சித்திரவதைக்கு உள்ளான 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு வழங்க 2013-இல் பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. அதை ஒட்டி அமைந்த நினைவுச் சின்னம் நைரோபியில் இருப்பதால், லண்டன் நடையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து நடந்த போரும் இப்படியே விடுபட்டது. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததைப் பற்றி நான் கேட்டபோது, அது 1857-க்கு ஒத்திகை என்ற அளவில் முன்னாள் அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் தூண்டிய அந்த எழுச்சியை ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து நசுக்கிய கில்லஸ்பிக்குச் செயின்ட் பால் பேராலயத்தில் சிலை உண்டு. பாதையைக் கிழக்கே நீட்டினால் அதையும் சேர்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

கட்டணம் ஒருவருக்கு 25 பவுண்டு. செல்சிக்குப் போகும் பேருந்துச் செலவும் அபே நுழைவுச்சீட்டும் இதில் அடங்கா. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் நிற்பதும் நடப்பதுமாக இருக்கும். உட்கார்ந்து ஓய்வெடுக்க நடுவில் ஒரே இடந்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், முதியோரை அழைத்துச் செல்வோர் யோசிக்க வேண்டும். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி தருவதால் போக்குவரத்து இரைச்சலிலும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். கிளைவ் நிறுத்தத்தைத் திருத்தி எழுதி, நினைவுத் தூண்களில் இன்னும் கால் மணி நேரம் நின்றால் நான்கரை தரத் தயார். அபேயின் உள்ளே லாரன்ஸையும் கூட்டையும் பார்க்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமையில் பதிவு செய்ய வேண்டாம். அன்று வழிபாட்டுக்கு வருவோர்க்கு மட்டுமே அனுமதி.